ஆறு சிலிண்டர் ஊர்வலம்

கோம்சான் வீட்டில் எந்தப் பொருளுக்கும் அது பிறந்தபோது இருந்த வயிறு கிடையாது. சலவை இயந்திரத்துக்குள் தண்ணீர் பம்பின் மோட்டார் இருந்தது. அதனால் அது துவைக்கும்போது குதித்துக் குதித்து நகரும். ஒருமுறை வாய்க்கால் படித்துறை வரை போய் நின்றது. தேங்காய் துருவியில் மின்விசிறியின் மோட்டார். மின்விசிறியில் மோட்டாரே இல்லை. அதன் கூண்டில் அவன் மனைவி லம்துவான் பூண்டு காயவைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தச் சுவிட்சையும் தாங்களாகப் போடமாட்டார்கள். போட்டால் எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் அவன் வேலை தெரிந்தவன். எங்கள் மேக்லோங் ஊரில் பாதிப் பேர் அவன் பொருத்திய ஏசியில்தான் தூங்குகிறார்கள். கூலிக்குச் செய்யும்போது கம்பெனி சொன்னதில் ஒரு திருகைக்கூட மாற்றமாட்டான். சொந்த வீட்டுக்குள் கால் வைத்ததும்தான் சனி பிடிக்கும். "இதைச் செஞ்சவன் பயந்து பயந்து செஞ்சிருக்கான்" என்பான், எதைப் பார்த்தாலும். "இதுக்குள்ள இன்னும் பெருசா ஒண்ணு வைக்கலாம்." பெற்ற பிள்ளைக்கே டர்போ என்று பேர் வைத்த மனுஷன். பள்ளிச் சான்றிதழில் விசாருத் என்று இருப்பது அந்தப் பையனுக்கே பாதி நாள் ஞாபகம் வராது. அந்த வீட்டில் இன்றுவரை சூடேறாமல், புகை கக்காமல் ஓடிய ஒரே டர்போ அவன்தான்.

இந்த நோய் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போக வேண்டிய அன்று, தன் கையால் இன்ஜின் மாற்றிய மோட்டார் சைக்கிளில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். வாய்க்கால் பாலத்தின் சரிவில் வண்டி நின்றுவிட்டது. சீர்த்தட்டோடு சொந்தக்காரர்கள் வெயிலில் காய்ந்தார்கள். கடைசியில் பெண்ணின் அப்பா புன்லியாங், தேங்காய் ஏற்றும், பின்னால் வால்போல் தண்டு நீண்ட தன் நீள்வால் படகைக் கொண்டுவந்து மாப்பிள்ளையை அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். அதைப் பற்றி அவர் அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் கோம்சான் மறந்திருப்பான். அவர் பேசாமல் இருந்தது அவனுக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

கார் வந்தது டர்போ பள்ளிக்கூடம் போகும்போது. ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். பச்சை நிறம் என்பதால் கிளி என்று பேர் வைத்தான். நாலு சிலிண்டர் இன்ஜின், சாவியைத் திருப்பினால் அந்த நொடியே பேசும். அதன்மேல் அவனுக்கு அப்படியொரு ஆசை. எல்லாரும் வண்டியில் குடியிருந்து காக்கும் சாமி அம்மாவுக்கு, அதுதான் எங்கள் மே யா நாங்குக்கு, முன்கண்ணாடிப் பக்கம் மாலை மாட்டுவார்கள். இவன் பிக்குவிடம் மந்திரித்து வாங்கிய மூவர்ணத் துணியை இன்ஜினின் கழுத்திலேயே கட்டினான். அப்பேர்ப்பட்ட இன்ஜினைத்தான் ஒரு நாள் வேண்டாம் என்றான்.

காரணம், ஒரு தேங்காய் பிக்அப். நெடுஞ்சாலையில் கிளி பறந்துகொண்டிருந்தபோது, கூரைக்கு மேல் தேங்காய் அடுக்கிய டீசல் பிக்அப் ஒன்று கறுப்புப் புகையை இவன் முகத்தில் ஊதிவிட்டு முன்னால் போனது. போனதோடு விட்டதா? தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள், பசைச்சோற்று உருண்டையைப் பிடித்த கையாலேயே டாட்டா காட்டினான். கோம்சான் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுவாரமே பழைய இன்ஜின் விற்கும் சந்தைக்குப் போய், ஏதோ பணக்காரனின் பெரிய காருக்குள் இருந்த ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜினை வாங்கி வந்தான். அதை வீட்டு வாசலில் இறக்கியபோது லம்துவான் சந்தையில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் கானாங்கெளுத்தி மீன் வேகவைத்த வாசனை, கையில் காலி மூங்கில் தட்டுகள்.

"இது எந்த ஏசிக்கு?" என்றாள்.

"கிளிக்கு."

"கிளி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. அதான் பிரச்சினை. ஓடுது, பறக்கல."

பலாமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி, பழைய இன்ஜினைத் தூக்கினார்கள். தூக்கியவன் தேங்மோ. தேங்மோ என்றால் எங்கள் பேச்சில் தர்பூசணி. ஆளைப் பார்த்தால் பேர் வைத்தவரைக் குறை சொல்லத் தோன்றாது. கோம்சானோடு ஏணி பிடிக்கிறவன், அவன் சொல்வதற்கெல்லாம் "ஆமாண்ணே" போடுகிறவன். வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது. பாதிப் பேர் இன்ஜின் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் புது இன்ஜினில் பொறித்திருந்த எண்ணை லாட்டரிக்குக் குறித்துக்கொள்ள வந்தவர்கள். கூட்டத்தைப் பார்த்ததும் கோம்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க! எம்மவன் டர்போ பிக்குவாகிக் காவி கட்டப் போற அன்னைக்கு இந்த வண்டியிலதான் கோயிலுக்குப் போவான். படகும் வேணாம், எவன் பிக்அப்பும் வேணாம்."

படகு என்று சொல்லும்போது கண் தானாக மாமனார் பக்கம் போனது. புன்லியாங் பலாமரத்தடியில் குந்தி உட்கார்ந்திருந்தார். வாயில் சுருட்டு. சங்கிலியில் தொங்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய இன்ஜினையே பார்த்தார்.

"மாப்ளே, அதை என்ன பண்ணப் போறே?"

"பழைய இரும்புக்குத்தான் மாமா. செத்த இன்ஜின்."

"நேத்து ஓடிச்சே?"

"ஓடினா என்ன? அதுக்கு வீரம் பத்தல."

"அப்ப எனக்குக் குடு. எனக்கு ஒரு வேலை இருக்கு."

எடுத்துக்கங்க மாமா என்று கோம்சான் தாராளமாகக் கையை விரித்தான். புன்லியாங் இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் படித்துறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூவர்ணத் துணி அதன் கழுத்தில் அப்படியே ஆடிக்கொண்டு போனது. அதைக் கவனித்தது லம்துவான் மட்டும்தான்.

"டர்போ அப்பா, துணி போகுது பாரு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அம்மா காருல இருக்கா. இன்ஜின்ல இல்ல. நீ போய் மீனைப் பாரு."

இனி அந்த ஆறு சிலிண்டரின் கதை. நாலு பேர் உட்காரும் பலகையில் ஆறு பேரை உட்காரவைப்பது எப்படியோ அப்படித்தான் அது கிளிக்குள் போனது. நீளம் அதிகம். முன்னால் ரேடியேட்டர் இடித்தது. ரேடியேட்டரை நகர்த்தி, பெரிய விசிறியைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு விசிறி வைத்தான். பின்னால் இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவர் இடித்தது. சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளினான். அதன் பிறகு இடப்பக்கம் உட்காருகிறவர் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும், காலுக்கு இடமில்லை. கீழே எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது, வெட்டி ஒட்டவைத்தான். அது அன்றுமுதல் ஒழுகுகிறது. பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டு நீளம் பொருந்தவில்லை, வெட்டி, பற்றவைத்தான். வேகம் எடுத்தால் உட்கார்ந்திருப்பவரின் கன்னச்சதை ஆடும். எல்லாம் முடிந்து இன்ஜின் மூடியை மூடினால் மூடவில்லை. மூடியில் ஓட்டை போட்டான்.

"இப்பதாண்ணே கம்பீரமா இருக்கு" என்றான் தேங்மோ.

கம்பீரமாகத்தான் இருந்தது. நின்ற இடத்தில் இருந்தது. கிளப்பினால் சில நாள் கிளம்பும், சில நாள் இருமும், சில நாள் நடுவழியில் உயிரை விடும். கிளியைக் கயிறு கட்டி இழுத்துவராத வண்டி எங்கள் பக்கத்தில் இல்லை. ஐஸ் வண்டி இழுத்திருக்கிறது, குப்பை லாரி இழுத்திருக்கிறது, ஒருமுறை அதே தேங்காய் பிக்அப்காரன் இழுத்துவந்தான். வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது இந்த முறையும் டாட்டா காட்டினான்.

ரயில் தண்டவாளத்தின்மேல் நடக்கும் எங்கள் சந்தையில் கிளி ஏன் ஓடவில்லை என்பதைப் பற்றி இரண்டு கட்சி உருவானது. ரயில் வரும்போது கூடாரத்தை மடக்குவார்கள், போனதும் விரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். மீன்காரிகள் கட்சி: சூடு எங்கே இருக்கிறதோ உயிர் அங்கே, ஆகவே அம்மா இன்ஜினில்தான் இருந்தாள், துணியோடு, அது இப்போது ஏறியிருக்கும் புன்லியாங்கின் படகுக்குப் போய்விட்டாள். காய்கறிக்காரிகள் கட்சி: அம்மா ஸ்டியரிங்கில்தான் இருப்பாள், இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள், அவ்வளவுதான். எண்ணெய் ஒழுகுவதைப் பற்றியோ தட்டு விசிறியைப் பற்றியோ இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தேகம் தீர்க்க லம்துவானைக் கேட்டார்கள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள், சின்னத் தட்டில் அடங்கும்படி மீன் தலையை நறுக்கென்று மடக்கி அடுக்கிக்கொண்டே. "அவ பொம்பள. எது ஓடுதோ அதுல இருப்பா."

டர்போ காவி கட்டும் நாள் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் வயது வந்த பையன் சில நாளாவது தலை மழித்து பிக்குவாக இருந்தால்தான் பெற்றவளுக்கு நிம்மதி. அந்தக் காவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே சொர்க்கத்துக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. டர்போவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைத்தது அந்த ஒரு வாரம்தான். தீட்சை கொடுக்கும் பெரிய பிக்குவோ அன்று ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டியவர். இதெல்லாம் தெரிந்தும் கோம்சான் அழைப்பிதழில் அச்சடித்துவிட்டான்: 'ஊர்வலம், தந்தையின் ஆறு சிலிண்டர் காரில்.' அச்சாபீஸ்காரர் இரண்டு தடவை கேட்டாராம், நிஜமாகவே போடவா என்று.

அச்சடித்த பிறகுதான் பயம் வந்தது. ஒரு நாள் காலை, யாருக்கும் சொல்லாமல், மல்லிகை மாலையும் ஊதுபத்தியும் எங்கள் பக்கம் சாமிக்குப் படைக்கிற ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடாவும் வாங்கிக்கொண்டு மாமனாரின் படித்துறைக்குப் போனான். படகின் பின்முனையில் அவனுடைய பழைய இன்ஜின் உட்கார்ந்திருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, புதுப் பெண்போல் இருந்தது. அதிலிருந்து நீளமான தண்டு தண்ணீருக்குள் போனது. மூவர்ணத் துணி இப்போது படகின் மூக்கில் பறந்தது.

புன்லியாங் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "என்ன மாப்ளே, காலங்காத்தால பூஜை?"

"சும்மா மாமா. அம்மாவை ஒரு நாளைக்கு அனுப்பினீங்கன்னா... ஊர்வலத்தன்னைக்கு மட்டும்."

"நான் யாரு அனுப்பறதுக்கு? கேட்டுப் பாரு. வரேன்னா கூட்டிட்டுப் போ."

கோம்சான் படகின் மூக்கில் மாலை போட்டான், ஊதுபத்தி கொளுத்தினான், சோடாவை வைத்தான். கண்ணை மூடி, அம்மா, கோபம் வேணாம், பழைய வீட்டுக்கு ஒரு நாள் வந்துட்டுப் போ என்று மனமுருகக் கேட்டான். ஆறு சிலிண்டர், டர்போ, சீட்டுக்குப் புது உறை என்று வசதிகளையும் எடுத்துச் சொன்னான். புன்லியாங் அவன் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு குனிந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் அந்த நொடியே பேசியது. ஒரு இருமல் இல்லை.

"வரலைங்கிறா" என்றார்.

கோம்சான் சோடாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். ஆனால் ரோஷம் வேலை செய்தது. ராத்திரி பகல் பாராமல் எதையெதையோ முறுக்கினான், மாற்றினான். ஊர்வலத்துக்கு முந்தின நாள் நெடுஞ்சாலையில் கிளியை விட்டுப் பார்த்தான். போனது! இரண்டு பிக்அப், ஒரு சுற்றுலா பஸ், எல்லாவற்றையும் தாண்டிப் போனது. எதிர்காற்று ரேடியேட்டரில் மோதிக்கொண்டே இருந்ததால் சூடு முள் அசையவில்லை. திரும்பி வந்தபோது அவன் கண்ணில் தண்ணீர். காற்றினால் என்று தேங்மோவிடம் சொன்னான். வேகமாக ஓட்டிப் பார்த்தவன், மெதுவாக ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஊர்வலம் என்றால் எந்த வேகத்தில் போகும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற மனுஷன்.

ஊர்வலத்தன்று காலை டர்போ தலையும் புருவமும் மழித்து, வெள்ளை உடுத்தி, கிளியின் கூரைமேல் போட்ட மெத்தையில் உட்கார்ந்தான். தலைக்குமேல் குடை, அதை ஏசிக் குழாய் கிளாம்ப் வைத்துக் கூரையில் இறுக்கியிருந்தான் அப்பன். லம்துவான் முன்னால் காவித் துணியைத் தட்டில் ஏந்தி நடந்தாள். பிட்சைப் பாத்திரத்தைத் தகப்பன்தான் ஏந்த வேண்டும். தகப்பன் வண்டி ஓட்டியதால் அது தேங்மோவின் மடியில் இருந்தது. தேங்மோ இடப்பக்கம் சம்மணம் போட்டு, பார்க்க அவனே வரம் கொடுக்கிற சாமி மாதிரி இருந்தான். சிவப்பு சோடா ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்றது.

சாவியைத் திருப்பினான். கிளம்பியது. தெருவே கை தட்டியது. கோம்சான் மாமனாரைத் தேடினான், காணவில்லை. அவர் பார்க்கவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு குறை அவனுக்கு.

முன்னால் நீள மேளக்காரர்கள். மேளத்துக்கு முன்னால் ஆடுகிற அத்தைமார்கள். அத்தைமார்கள் வீட்டுக்கு வீடு நின்று ஆடினார்கள், ஒவ்வொரு வீட்டிலும் குடிக்க ஏதோ கொடுத்தார்கள், குடித்துவிட்டு இன்னும் மெதுவாக ஆடினார்கள். கிளி அவர்களுக்குப் பின்னால் ஆமையாக ஊர்ந்தது. தட்டு விசிறி தன்னால் ஆனமட்டும் சுற்றியது.

"அண்ணே, முள்ளு மேல போகுது."

"எந்த முள்ளு?"

"சூட்டு முள்ளு."

"அது நாலு சிலிண்டருக்குப் பழகின முள்ளுடா. ஆறைப் பார்த்ததும் பயப்படுது. நீ பாத்திரத்தைப் பிடி."

இன்னும் இரண்டு வீடு போனதும் அவனுக்கே பயம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "அக்கா, கொஞ்சம் வேகமா ஆடுங்கக்கா!"

"இது ஊர்வலமா, ரேஸா?" என்று கேட்டுவிட்டு அந்த அத்தை வேண்டுமென்றே ஒரு சுற்று அதிகம் ஆடினாள்.

வாய்க்கால் பாலத்தின் சரிவில், ஆமாம், அதே பாலம்தான், மூடியின் ஓட்டை வழியாக வெள்ளை ஆவி வந்தது. முதலில் நூலாக, பிறகு கம்பமாக. கோம்சான் குதித்து இறங்கினான். "தண்ணி! தண்ணி குடு!" வாய்க்கால் பாலத்துக்குக் கீழே இருந்தது, மொண்டுவர வாளி இல்லை. அத்தைமார்கள் கையில் இருந்ததை ஊற்றினால் தீப்பிடிக்கும். அவன் கண்ணில் பட்டது ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்ற சிவப்பு சோடா. அம்மாவுக்கு வைத்த சோடாவை எடுத்து, ரேடியேட்டருக்குப் பக்கத்துத் தொட்டியைத் திறந்து கடகடவென்று ஊற்றிவிட்டான். ஒரு கணம் அமைதி. அப்புறம் கிளி ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், இளஞ்சிவப்பு நுரை குடை உயரத்துக்குப் பீறிட்டு, கூரைமேல் உட்கார்ந்திருந்த டர்போவின் வெள்ளை உடுப்பில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ரத்தம் என்று நினைத்து இரண்டு அத்தைகள் அலறினார்கள். பாலம் முழுக்க ஸ்ட்ராபெர்ரி வாசனை. இன்ஜின் நின்றது, நின்றதுதான்.

"கொஞ்ச நேரம்! ஆறட்டும், கிளம்பிடும்!" என்று கோம்சான் கத்தினான். "ஒரு அரைமணி!"

அரைமணி ஆறவிட்டால் தீட்சைக்கு நேரமிருக்காது, பெரிய பிக்கு பக்கத்து ஊருக்குப் போய்விடுவார். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கத்தினான். லம்துவான் காவித் தட்டை ஏந்தியபடியே திரும்பி வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"டர்போ, எறங்கு."

டர்போ இறங்கினான். எப்படி இறங்கினான் என்பதைத்தான் கோம்சானால் பிறகும் மறக்க முடியவில்லை. திகைக்கவில்லை, தடுமாறவில்லை, எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. பாலத்தின் ஓரப் படிக்கட்டை நோக்கி நடந்தான். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நேராக அதே படியில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அத்தைமார்கள், ஆடிக்கொண்டே. தேங்மோ இறுகிப்போன காலை நீட்டி வெளியே வந்து, பாத்திரத்தைக் கோம்சான் கையில் கொடுத்தான்.

"நீயுமாடா?" என்றான் கோம்சான்.

"செருப்பைக் கழட்டிக்கண்ணே. படி வழுக்கும்" என்றான் தேங்மோ.

பாலத்துக்குக் கீழே புன்லியாங்கின் படகு நின்றது. மேளத்துக்கும் ஆட்டத்துக்குமாகப் பின்னால் இன்னும் இரண்டு தேங்காய்ப் படகுகள். புன்லியாங் படகின் மூக்கில் அன்று பறித்த பூ. நடுவில் டர்போவுக்கு வெள்ளை விரித்த ஆசனம், அதற்குமேல் இன்னொரு குடை, ஏசி கிளாம்ப் இல்லாத குடை. லம்துவானுக்கு ஒரு பாய். கடைசியில், இன்ஜினுக்குப் பக்கத்தில், எண்ணெய் தெறிக்காமலிருக்கத் துணி மடித்துப்போட்ட ஒரு சின்ன மணை.

"உக்காரு மாப்ளே. உன் எடம்" என்றார் புன்லியாங்.

அந்த மணையைக் கோம்சான் இரண்டு தடவை பார்த்தான். கேலி செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பான். அவனுக்கும் இடம் போட்டு, அவன் உடுப்பில் கறைபடாமல் துணியும் மடித்து வைத்திருந்தார்கள். பாத்திரத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். புன்லியாங் சாவியைத் திருப்பினார். அந்த நொடியே.

படகு கிளம்பியது. இரண்டு கரையிலும் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பாலத்தின்மேல் கிளி இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றான் கோம்சான், மெதுவாக.

"என்னது?"

"இந்தப் படகு ஏற்பாடு. நேத்தா? போன வாரமா?"

லம்துவான் மடியில் இருந்த காவித் துணியின் மடிப்பை நீவிவிட்டாள். "நீ இன்ஜினைக் கழட்டினியே, அன்னைக்கு. எம்மவன் இந்த வண்டியிலதான் போவான்னு தெருவையே கூட்டிச் சொன்னே. அப்பா அதைக் கேட்டுட்டுத்தான் பழைய இன்ஜினைக் குடுன்னு கேட்டார். பேரனைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேணும்னு அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டார்."

பலாமரத்தடியில் சுருட்டோடு குந்தியிருந்த மனுஷன் கோம்சானின் கண்முன் வந்தார். எனக்கு ஒரு வேலை இருக்கு. இத்தனை காலம் ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, ஒருவரும் நம்பவும் இல்லை. அவன் இரும்புச் சுவரைச் சம்மட்டியால் அடித்த நாளெல்லாம் வாய்க்காலின் இந்தப் பக்கம் ஒரு கிழவர் அவனுடைய இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த முறை காற்று என்று சொல்ல முடியாது, படகு மெதுவாகத்தான் போனது.

டர்போ ஆசனத்தில் திரும்பி அப்பன் பக்கம் உட்கார்ந்தான். காவி கட்டுமுன் பெற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அம்மாவிடம் வீட்டிலேயே கேட்டுவிட்டான், அப்பா அப்போது காரோடு இருந்தார். இப்போது கைகூப்பினான். புருவம் இல்லாத முகத்தில் சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை. வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

"அப்பா, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதெல்லாம் மன்னிச்சிருங்க."

"சரிப்பா."

"தெரிஞ்சு செஞ்சது ஒண்ணு இருக்கு. உங்க காரு போய்ச் சேரும்னு நான் ஒரு நாளும் நம்பல."

படகில் ஒருவரும் சிரிக்கவில்லை. புன்லியாங் தண்ணீரைப் பார்த்து ஓட்டினார். கோம்சான் பாத்திரத்தை மடியில் வைத்தான். மகனின் மொட்டைத் தலையில் கை வைத்து, "மன்னிச்சேன்" என்றான்.

கோயில் கோபுரம் தென்னைக்குமேல் தெரிந்தது. நேரம் இருந்தது. பின்படகில் மேளம் மறுபடி சூடு பிடித்தது. சிறிது நேரம் கோம்சான் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். பிறகு அவன் தலை மெல்லச் சாய்ந்து இன்ஜின் பக்கம் போனது. காது கொடுத்துக் கேட்டான். ஒரு கை பாத்திரத்தை விட்டு இறங்கி, சூடான இரும்பைத் தொட்டும் தொடாமலும் தடவியது.

"மாமா," என்றான், "இது நல்லாத்தான் ஓடுது. ஆனா படகுல எடம் நெறைய இருக்கு. அந்த ஆறு சிலிண்டரை இங்க வெச்சா தண்ணிக்குப் பஞ்சமில்ல, சூடே ஏறாது..."

லம்துவான் எட்டி அவனுடைய கையைப் பிடித்து இன்ஜினிலிருந்து எடுத்து, பாத்திரத்தின் மேல் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடி" என்றாள்.